வாசலில் சொன்ன உறவு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

வேறு நாட்டில் குடியேற நாம் கொடுத்த ஃபைல் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதீர்கள்.

இன்று நகரத்தில் நான் வேலை பார்க்கும் லாண்டரியில் பொய் சொல்லி விடுப்பு வாங்கிக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள் என் முகத்தைப் பார்க்காமலேயே "அடுத்தது" என்பவள். இன்று நிமிர்ந்து பார்த்தாள். "ஏப்ரல்ல நேர்காணல். உங்களுக்கு இங்க, உங்க மனைவிக்கு முகாம்லயே. ரெண்டு பேர் பதிலும் ஒத்துப்போச்சுன்னா அந்த நாடு உங்களை எடுத்துக்கும்" என்றாள். எடுத்துக்கொள்ளுமாம். கூடையில் தக்காளியை அமுக்கிப் பார்த்து எடுப்பதுபோல. பரவாயில்லை, அமுக்கட்டும்.

'மனைவி' என்றதும் வழக்கம்போல எனக்குக் காது சுட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். நாம் ஒரே பொய்யில் முடித்துவிட்டோம். அதுவும் நீங்கள் சொன்ன பொய். அகதி முகாம் வாசலில் வருகிறவர்களைப் பிரித்து அனுப்புகிற ஆள் "தனி ஆம்பளை அந்த வேலிக்கு, தனிப் பொம்பளை இந்த வேலிக்கு, குடும்பம் நேரா உள்ள" என்று கத்திக்கொண்டிருந்தான். அப்போது அண்ணனை இழந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் காய்ச்சலில் நிற்க முடியவில்லை. ஆண்கள் வேலிக்குள் நோயாளியின் போர்வையை நாலு பேர் உருவிக்கொண்டு போவதை இரண்டு பேரும் பார்த்தோம். "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டான். நீங்கள் "ஆமா" என்றீர்கள். அந்த ஆமாவில்தான் நான் பிழைத்தேன். அதே ஆமா நம் பின்னாலேயே நடந்து வந்து ஃபைலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது அதை இன்னும் ஒரே ஒரு நாள் சுமக்க வேண்டும். இங்கே ஒரு தரகர் இருக்கிறார். கணவன் மனைவியிடம் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு தாள் தந்தார். பதில்களை நானே எழுதியிருக்கிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டிலில் சுவர்ப்பக்கம் நீங்கள். குறட்டை விடுவது நான். முதல் சண்டை, நான் சம்பளத்தில் பழைய சைக்கிள் வாங்கியதற்கு. மச்சம் எங்கே என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள். நினைவில்லை என்று இருவருமே சொல்லிவிடலாம்.

முகாம் வாசலில் இருக்கும் தொலைபேசியில் இதைப் பேச முடியாது. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

கரை தெரிகிறது, அண்ணி.

சின்னவன்

•

பிப்ரவரி 13

சின்னவனுக்கு,

உன் தாளைப் படித்தேன். அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

நான் உன் மனைவியாக எந்த நாட்டுக்குள்ளும் நுழையப் போவதில்லை.

வாசலில் 'ஆமா' சொன்னது நான்தான். மறுக்கவில்லை. மறுபடியும் அப்படி ஒரு வாசலும் அப்படி ஒரு காய்ச்சலும் வந்தால் மறுபடியும் சொல்வேன். அது ஒரு வேலியைத் தாண்ட. இப்போது நீ கேட்பது ஆயுள் முழுக்க. அங்கே போனபின் எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் நான் உன் மனைவி. நாளைக்கு உனக்கு ஒருத்தியைப் பிடித்துப்போனால் நான் உன்னை விவாகரத்து செய்ய வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி, ஒன்பது வயதில் என் வீட்டுக்கு வந்தவனை உட்கார வைத்துச் சோறு போட்டவள் நான். யோசித்துப் பார்க்கவே குமட்டுகிறது.

ஃபைலின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். நீ படித்தாயா? குடும்பத் தலைவர்: நீ. ஆபத்துக்குக் காரணம்: நீ தொழிற்சங்க ஊர்வலத்தில் நடந்தது. நீ என்றைக்குடா நடந்தாய்? எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாய், அதுவும் வெயில் என்று பாதியில் திரும்பிவிட்டாய். எனக்கு எழுதியிருப்பது ஒரே சொல்: இல்லத்தரசி. தையல் ஆலையின் கதவை வெளியே பூட்டிவிட்டு எங்களை வேலை வாங்கினார்களே, அந்தப் பூட்டை உடைக்க எண்ணூறு பெண்களை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தவள் நான். போலீஸ் தேடி வந்தது என்னை. இப்போது நான் இல்லத்தரசி. எந்த இல்லத்துக்கு அரசி? இந்தத் தகரக் கொட்டகைக்கா?

உன் அண்ணன் அந்த ஃபைலில் இல்லவே இல்லை. இருந்ததாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை. நீ என் கணவன் என்றால் அவர் யார்?

திருத்த மனு கொடுக்கப் போகிறேன். உண்மையைச் சொல்லி, என் பெயரில், என் காரணத்துக்காகக் கேட்பேன்.

அண்ணி

•

பிப்ரவரி 20

அண்ணி,

மனுவைக் கொடுத்துவிடவில்லையே? கொடுத்திருந்தால் இப்போதே போய்த் திரும்ப வாங்குங்கள்.

தரகரிடம் கேட்டேன். சிரித்தார். "திருத்தமா? அதுக்கு அவங்க அகராதில மோசடின்னு பேரு தம்பி. ரெண்டு பேர் பேரையும் அடிச்சுட்டு, இனிமே விண்ணப்பமே போட முடியாதபடி முத்திரை குத்திடுவாங்க" என்றார். அதற்குப்பின் எங்கே அனுப்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்களைத் தேடியவர்கள் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இங்கே என்ன சுகமாகவா இருக்கிறேன்? ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிறேன். மூட்டையைப் பிரித்தால் ரத்தம், மலம், சில நேரம் ஊசி. கையுறை கேட்டால் மேற்பார்வையாளர் "உங்க ஊர்ல தங்கக் கையுறை போட்டிருந்தியோ?" என்கிறான். ஒரு அறையில் ஆறு பேர். ஒருவன் புரண்டால் ஆறு பேரும் புரள வேண்டும். எல்லாவற்றையும் எதற்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்? அந்த ஒரு நாளுக்காக. நீங்கள் ஒரு மனுவில் அதைக் கவிழ்க்கப் பார்க்கிறீர்கள். எரிகிற வீட்டிலிருந்து வெளியே ஓடுகிறவர் கட்டியிருக்கும் புடவை யாருடையது என்று பார்ப்பாரா?

உங்களுக்கு எப்போதுமே நீங்கள் நினைத்ததுதான் நடக்க வேண்டும். கதவுப் பூட்டு விஷயத்திலும் அப்படித்தான். எல்லோரும் 'விட்டுவிடு' என்றார்கள். விட்டிருந்தால் அண்ணன் இன்றைக்கு இருந்திருப்பார்.

சின்னவன்

•

மார்ச் 7

சின்னவனுக்கு,

தண்ணீர் லாரி இரண்டு முறை வந்துபோனது. இரண்டு முறையும் கடிதம் எழுதவில்லை. லாரிக்காரர் "என்னம்மா, தம்பிக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

உன் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குப்பின் அதைப்பற்றி நீயும் பேசாதே, நானும் பேசவில்லை.

அன்று போலீஸ்காரர்கள் நம் வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் பின்பக்கம் இருந்தேன். "அவ எங்கே?" என்றார்கள். உன் அண்ணன், "அவகிட்ட என்ன பேசணும்? அவளுக்கு எழுதிக்கொடுத்து பேசவைக்கிறதே நான்தான்" என்றார். எனக்கு ஒருவர் எழுதிக்கொடுத்தா பேச வேண்டும்? அந்த மனிதருக்கு வெல்டிங் தவிர எதுவும் தெரியாது, கூட்டத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அவர்கள் நம்பினார்கள். ஒரு பெண் தானாகப் பேசியிருப்பாள் என்பதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. கூட்டிக்கொண்டு போனார்கள். என் பிடிவாதம் அவருக்குத் தெரியாததல்ல. அதைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டதாகச் சொல்வார். அவருடைய முடிவை என் தவறு என்று சொல்லி அவரைச் சின்னவராக்காதே.

இன்னொன்றையும் கவனி. என் வேலையைத் தன்னுடையது என்று சொல்லி அவர் உயிரைக் கொடுத்தார். அதே வேலையை உன்னுடையது என்று எழுதி இந்த ஃபைல் விசா வாங்கப் பார்க்கிறது. போலீஸும் ஒரே மாதிரி நம்புகிறது, குடியேற்ற அலுவலகமும் ஒரே மாதிரி நம்புகிறது.

மனுவை முகாம் அலுவலகத்தில் நீட்டினேன். குமாஸ்தா வாங்கவில்லை. "புருஷன்கூட சண்டையாம்மா? ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பக்கத்துக் கொட்டகைக்காரி சிரிக்கவில்லை. சாயங்காலம் வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவள் பிடிக்காமல் நின்றாள். "அக்கா, நீங்க கொடுத்தது என்ன மனு?" என்றாள். சொன்னேன். அழ ஆரம்பித்தாள். அவளோடு இருப்பவனைப் புருஷன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பியாம்.

எதிலும் கையெழுத்துப் போடாதே. இப்போதைக்கு அவ்வளவுதான்.

அண்ணி

•

மார்ச் 14

அண்ணிக்கு,

அண்ணன் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லை. அந்த வரியை வெட்டி எடுத்து அடுப்பில் போடுங்கள். என் தாளை எரித்த அடுப்பு இருக்கிறதே, அதிலேயே.

தரகரை விட்டுவிட்டேன். லாண்டரியில் மடிப்பு மேசையில் வேலை செய்யும் ஒரு அக்கா, சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அம்மா இருப்பதாகச் சொன்னார். மையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். செருப்புக்கடைக்கு மேலே ஒரே அறை. நாற்காலி போதாமல் ஃபைல் கட்டுகளின் மேலேயே உட்கார வைக்கிறார். என் வயதுதான் இருக்கும், முகம் முழுக்கத் தூக்கமில்லை.

நம் கதையைச் சொன்னேன். பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டார். "தரகர் சொன்னது பொய்யில்லை. ஒருத்தர் திருத்தம் கேட்டா மோசடின்னுதான் முடிவு பண்ணுவாங்க. நான் வாதாடித் தோத்திருக்கேன்" என்றார். அப்போது சும்மா ஒரு பேச்சுக்கு, பக்கத்துக் கொட்டகைக்காரியின் தம்பி கதையைச் சொன்னேன். பேனா வாயிலிருந்து வெளியே வந்தது. "இன்னொரு கேஸா? அதே முகாமா? அதே வாசலா?" என்றார். "முகாம்ல இது மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அந்த வாசல்ல குடும்பம்னா புருஷன் பொண்டாட்டி மட்டும்தான்னு ஒரு விதி எந்தச் சட்டத்துலயும் கிடையாது. யாரோ ஒரு ஆள் வேலையைச் சுலபமாக்கப் போட்ட விதி. அதை நிரூபிக்க எனக்கு ஆள் வேணும். நிறைய ஆள்."

எனக்கு இன்னமும் பயம்தான், அண்ணி. மறைக்கவில்லை. ஆனால் ஆள் சேர்ப்பது என்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும்.

சின்னவன்

•

மார்ச் 28

சின்னவனுக்கு,

உன் வக்கீல் அம்மாளிடம் சொல். முப்பத்திநாலு குடும்பம். இன்னும் வரும்.

எப்படிச் சேர்த்தேன் என்று கேட்காதே, கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. நீ கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். ஆலையில் செய்ததைத்தான் செய்தேன். கூட்டம் போடவில்லை. துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து என் பொய்யை நானே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். "எனக்கு வாசல்ல ஒரு புருஷன் கிடைச்சான். உண்மைல என் கொழுந்தன்" என்றேன். முதல் நாள் எல்லோரும் தலையைக் குனிந்து துவைத்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி துணியைப் பிழிந்துகொண்டே, "எனக்குச் சித்தப்பா" என்றாள். அவ்வளவுதான். அணை உடைந்தது.

மாமா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறான். ஒருத்தி படகில் கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட ஆளை வாசலில் புருஷன் என்றிருக்கிறாள், இன்றுவரை அவன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. உச்சம் எது தெரியுமா? கடைசி வரிசையில் ஒரு மாமியாரும் மருமகனும். மகள் வழியிலேயே தவறிவிட்டாள். வாசலில் இவர்களைப் பிரிக்காமல் இருக்க அந்த மருமகன் 'பொண்டாட்டி' என்று கைகாட்டிவிட்டான். அந்த அம்மாளிடம் கேட்டேன். கொதித்துவிட்டாள். "என் பொண்ணுக்கே இவன் லாயக்கில்லைன்னு சொன்னவ நான். எனக்குப் புருஷனாம்! பேப்பர்லகூட இவனோட குடும்பம் நடத்த முடியாது, மனுவைக் கொடுங்கம்மா!" என்று பேனாவைப் பிடுங்கினாள். மருமகன் தலையைச் சொறிந்துகொண்டு, "அத்தை, குறட்டை சத்தம் மட்டும் உண்மைன்னு எழுதிடுங்க" என்றான். எத்தனையோ மாதத்துக்குப்பின் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

எல்லாம் சிரிப்பில்லை. முகாம் அதிகாரி கூப்பிட்டார். மேசைமேல் மனு நகல் ஒன்று கிடந்தது, யாரோ கொடுத்திருக்கிறார்கள். "நல்லா ஓடிட்டிருக்கற ஃபைலுங்களைக் கெடுக்கறே. நாளைக்கு ஒருத்தருக்கும் விசா கிடைக்கலேன்னா இந்தப் பொம்பளைங்களே உன் கொட்டகைக்கு நெருப்பு வைப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் தோற்றால் இத்தனை பேரும் தோற்பார்கள். ஆலையில் தோற்றால் வேலைதான் போகும் என்று நினைத்தோம். என்ன போனது என்று உனக்குத் தெரியும்.

அன்று மாலை எல்லோரிடமும் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். விலகுகிறவர்கள் விலகலாம், யாரும் முகம் சுளிக்கக்கூடாது என்றேன். நான்கு குடும்பம் விலகியது. ஏழு குடும்பம் புதிதாகச் சேர்ந்தது.

நேர்காணல் அதிகாரிகள் முகாமுக்கு வரும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் மனுவோடு உட்காரப் போகிறோம். ஆனால் உன்னை அங்கே அதற்கு முன்னாலேயே கூப்பிட்டுவிடுவார்கள். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் வாய், உன் கழுத்து.

அண்ணி

•

ஏப்ரல் 9

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன்.

சின்ன அறை. மின்விசிறி சுற்றவில்லை. ஒரு அதிகாரி, அவருக்கு மொழிபெயர்க்க ஒருத்தர். முதலில் பிறந்த தேதி, ஊர். பிறகு சிரித்த முகத்தோடு, "உங்க மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார். தரகரின் தாளில் இந்தக் கேள்வி இல்லை. எனக்கு உங்கள் குரல் கேட்டது, "சின்னவனே, தட்டைக் கழுவி வை" என்று. எந்த நாட்டில் மனைவி புருஷனைச் சின்னவனே என்று கூப்பிடுவாள்?

"சார், அவங்க என் மனைவி இல்லை. என் அண்ணி. என் அண்ணன் செத்துட்டார். இதுல என் கதைன்னு எழுதியிருக்கறது எல்லாம் அவங்க கதை" என்றேன்.

மொழிபெயர்ப்பவர் என்னிடம் மெதுவாக, "நிஜமாவே இதைச் சொல்லணுமா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அதிகாரி பேனாவை மூடினார். மோசடி சந்தேகம் என்று என் ஃபைலின் மேல் சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டினார். வெளியே வரும்போது வேலை அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அட்டை இல்லாததால் லாண்டரியிலும் நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வையாளனுக்கு என்ன சந்தோஷம்! வக்கீல் அம்மா ஒரு தற்காலிகக் கடிதம் எழுதிக்கொடுத்து, போலீஸ் பிடித்தால் இதைக் காட்டு என்றார். ஃபைல் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளவும் விட்டார்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டால், ஆமாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அறையை விட்டு வரும்போது என் காது சுடவில்லை.

இனி நீங்கள்தான்.

சின்னவன்

•

ஏப்ரல் 19

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை லாரிக்காரர் கொண்டுவந்த அன்றே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அந்த மாமியார் அம்மாள், "இருந்தா இப்படிப் புருஷன் இருக்கணும்" என்றாள். "புருஷன் இல்லைன்னு சொல்லத்தானேம்மா அவன் வேலையையே தொலைச்சான்" என்றேன். "அதனாலதான் சொல்றேன்" என்றாள்.

நேற்று அதிகாரிகள் வந்தார்கள். முகாம் அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். விடிந்ததுமே நாங்கள் வெளியே மைதானத்தில் உட்கார்ந்துவிட்டோம். சத்தமில்லை, கோஷமில்லை. ஆலையில் மெஷின் வரிசையில் உட்காருவதுபோல வரிசையாக. ஒவ்வொருத்தர் மடியிலும் மனு. முகாம் அதிகாரி மூன்று முறை வந்து கலையச் சொன்னார். யாரும் எழவில்லை, யாரும் பதிலும் பேசவில்லை. பேசினால்தானே ஒருத்தியைப் பிடித்துத் தனியாக இழுக்க முடியும்?

என் முறை வந்தது. உள்ளே போனேன். வயதான அதிகாரி ஒருவர், மொழிபெயர்க்கிற பெண் ஒருத்தி. என் ஃபைலிலும் சிவப்புத் தாள். "உங்க கணவரோட அரசியல் நடவடிக்கைகளைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். "என் கணவருக்கு அரசியல் கிடையாதுங்க. அவருக்கு வெல்டிங்தான். அரசியல் எனக்கு" என்றேன்.

பூட்டிய கதவிலிருந்து ஆரம்பித்தேன். யாரெல்லாம் மயங்கி விழுந்தார்கள், பூட்டை யார் உடைத்தார்கள், எண்ணூறு பேர் வெளியே வந்து உட்கார்ந்தது, போலீஸ் சுட்டது, வீட்டுக்கு வந்தது, உன் அண்ணன் சொன்ன பொய், வாசலில் நான் சொன்ன பொய். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் அழவில்லை. மொழிபெயர்க்கிற பெண் அழுதாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவர் நிமிர்ந்தார். "முன்னாடி ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. இதை எப்படி நம்பறது? நீங்கதான் அந்தப் போராட்டத்தை நடத்தினீங்கன்னு ஏதாவது ஆதாரம் இருக்கா? அடையாள அட்டை, போட்டோ, பேப்பர்ல வந்தது?"

ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நாமே எரித்துவிட்டுத்தானே கிளம்பினோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, எரிச்சலோடு பக்கத்தில் நின்ற முகாம் அதிகாரியிடம் கேட்டார்: "முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. காலைலேர்ந்து அங்க யார் உக்காந்திருக்காங்க? யார் இதைக் கூட்டினது?"

முகாம் அதிகாரி தனக்குத் தெரியாது என்றார். தெரியும் என்றால் இத்தனை நாள் ஏன் மனுவை வாங்கவில்லை என்று கேட்பார்களே. மொழிபெயர்க்கிற பெண் எழுந்துபோய் ஜன்னல் கதவைத் தள்ளினாள். "உங்களை இங்க உக்காரச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

உனக்கு நினைவிருக்கும், ஆலை வாசலில் போலீஸ் இதே கேள்வியைத்தான் கேட்டது. யார் தூண்டியது என்று ஒவ்வொருத்தியாக இழுத்துக் கேட்டார்கள். எண்ணூறு வாயில் ஒரு வாய் திறக்கவில்லை. நேற்று எல்லா வாயும் திறந்தது. மாமியார் அம்மாள் முதலில் எழுந்தாள். "உள்ள உக்காந்திருக்காளே, அவதான்! அவதான் கூட்டினா!" என்றாள். அப்புறம் பக்கத்துக் கொட்டகைக்காரி, அவள் தம்பி, சித்தப்பாக்கள், மாமாக்கள், எல்லோரும். "அவங்கதான்! அவங்கதான்!" சின்னவனே, என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு மைதானமே எழுந்து நின்றது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அதிகாரி ஜன்னலருகே போய் நின்றார். வரிசையைப் பார்த்தார். மனுக்களைப் பார்த்தார். "இவங்க எல்லாருமே வாசல்ல பொய் சொன்னவங்களா?" என்றார்.

"ஆமாங்க. ஒருத்தர் பொய் சொன்னா அவர்கிட்ட கோளாறு. இத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தா, கேட்ட கேள்வில கோளாறு" என்றேன்.

வந்து உட்கார்ந்தார். என் ஃபைலிலிருந்த சிவப்புத் தாளைக் கிழிக்கவில்லை, அதன்மேலேயே ஏதோ எழுதினார். பிறகு முகாம் அதிகாரியிடம், "வெளிய இருக்கறவங்க மனு எல்லாத்தையும் வாங்கி நம்பர் போடுங்க. இப்பவே. என் முன்னாடி" என்றார். சிரித்தானே அந்தக் குமாஸ்தா, அவன்தான் இருட்டும்வரை உட்கார்ந்து நம்பர் போட்டான். மைப் பெட்டி காய்ந்துபோய் எச்சில் தொட்டுக் குத்தினான்.

முடிவு வரவில்லை. வராமலும் போகலாம். ஆனால் நேற்று நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, யாருக்கும் பசிக்கவும் இல்லை.

அண்ணி

•

ஜூலை 2

சின்னவனுக்கு,

கடிதம் வந்துவிட்டது. உனக்கு வராது, பதறாதே. முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் அனுப்புவார்களாம். அதாவது எனக்கு.

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் பெயரில், என் காரணத்துக்காக. தொழில் என்ற இடத்தில் 'தையல் தொழிலாளி, தொழிற்சங்க அமைப்பாளர்' என்று போட்டிருக்கிறது. கணவர் என்ற இடத்தில் உன் அண்ணன் பெயர், அதற்குப் பக்கத்தில் 'கொல்லப்பட்டார்'. 'காலமானார்' என்று பூசி மெழுகவில்லை. அந்த ஒரு சொல்லைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன்.

கீழே இன்னொரு வரி: 'மற்றும் ஒருவர்'. அது நீ. கணவரின் தம்பி, என்னைச் சார்ந்து வாழும் உறவினர். உன் வக்கீல் அம்மாள் அதற்கு எந்தச் சட்டத்தைத் தோண்டி எடுத்தாளோ, அவள் பேனாவுக்குத் தீர்க்காயுசு.

முப்பத்திநாலு மனுவில் இருபத்தொன்பது திருத்தத்தை மோசடி இல்லை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து இன்னும் நிற்கிறது. படகில் கைகொடுத்த ஆளுடைய கேஸும் அதில் ஒன்று, உறவே இல்லாதவனை என்ன பெயரில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். அவளுக்காக மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். விலகிப்போன நான்கு குடும்பமும் இப்போது வந்து மனு கேட்டது. கொடுத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

மாமியார் அம்மாளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. மருமகனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "இன்னைலேர்ந்து நீ எனக்கு மாப்பிள்ளை, மரியாதையா உக்காருங்க" என்றாள். பாவம், அவன் எழுந்து நின்றுவிட்டான்.

சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். யாரோ வாளியைத் தட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் தட்டு, தகரச் சுவர், கதவு. கொட்டகைகள் முழுக்க அதே சத்தம். முகாம் அதிகாரி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு புகைப்படத்தோடு உடனே கிளம்பி வா. முடி வெட்டிக்கொள். தலைவி உத்தரவு.

அண்ணி

•

ஜூலை 8

அண்ணிக்கு,

'மற்றும் ஒருவர்' எழுதுவது.

உங்கள் கடிதத்தை வக்கீல் அம்மாளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு ஃபைல் கட்டின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தூங்கிவிட்டார். எழுந்ததும், "அந்த வாசல் விதியைத் தூக்கச் சொல்லி இருபத்தொன்பது முடிவையும் சேர்த்து மனு போடறேன். உங்க அண்ணி கையெழுத்து முதல்ல வேணும்" என்றார். லாண்டரிக்கும் போனேன். மடிப்பு மேசை அக்கா கையுறை இல்லாத கையால் என் முதுகில் ஒரு அடி வைத்தார். இன்னும் வலிக்கிறது. மேற்பார்வையாளனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே கையுறை கேட்டு ஆள் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், எப்படி என்று மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். யாரிடம் கற்றேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏன் ஒருமுறைகூட உங்களைப் பார்க்க வரவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. பஸ் தூரம் என்று நினைத்திருப்பீர்கள். நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் வாசல்வரை வந்தேன். காவலாளி "யாரைப் பார்க்கணும்?" என்றான். அட்டையில் உள்ள உறவைச் சொன்னால்தான் உள்ளே விடுவான். எனக்குப் பின்னால் பத்து இருபது பேர். வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. திரும்பி அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதே காவலாளியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். யாரைப் பார்க்கணும் என்று அவன் கேட்கட்டும். நீங்கள் கொட்டகைக்குள் எந்த வேலையில் இருந்தாலும், தையல் மெஷினே ஓடிக்கொண்டிருந்தாலும், கேட்கிற மாதிரி சொல்லப் போகிறேன்:

"என் அண்ணியை."

சின்னவன்